புரட்டாசியில கொடி, பொங்கலுக்குக் கிழங்கு

போன பொங்கலுக்கு நீ அனுப்பின ரெண்டு போட்டோவும் இன்னும் என் போன்ல இருக்கு. முதல் படத்துல மொட்டைமாடி முழுக்கப் பச்சைப் பாய் விரிச்ச மாதிரி சீனிக்கிழங்குக் கொடி. கூடவே "அக்கா, எப்படி?"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ். அரை மணி நேரம் கழிச்சு ரெண்டாவது படம். உள்ளங்கையில மூணு கிழங்கு, மூணும் சுண்டுவிரல் தடிமன். அதுக்கு வாய்ஸ் மெசேஜ் இல்ல.

ஏட்டி, நான் சிரிக்கல. எனக்கும் இதே கூத்து நடந்திருக்கு. இந்த வருஷம் ஆவணி முடியுறதுக்குள்ளயே "எப்பக்கா நடணும்?"னு கேட்டுட்ட பாரு, அதுலயே பாதி வேலை ஆச்சு. இந்தக் கிழங்கை எப்படி நடணுங்கிறதை நாலு வரியில சொல்லிடலாம். எப்ப நடணுங்கிறதுல தான் எல்லாரும் சறுக்குறாங்க.

கேலண்டரைப் பின்னாலேர்ந்து எண்ணு

நம்ம வீட்டுப் பொங்கல் படைப்புல சிறுகிழங்கு, சேனை, சேம்பு, பனங்கிழங்கோட சீனிக்கிழங்கும் இலையில இருக்கணும். அப்ப தை 1-ஆம் தேதியிலேர்ந்து பின்னால எண்ணு. சீனிக்கிழங்கு ரகத்தைப் பொறுத்து 90 நாள்லேர்ந்து 120 நாள் வரைக்கும் எடுத்துக்கும். ஜனவரி 15-லேர்ந்து 120 நாள் பின்னால போனா செப்டம்பர் 17. அது புரட்டாசி 1-ஆம் தேதியை ஒட்டித்தான் வரும். ஆச்சி புரட்டாசி பொறந்ததும் கொடி வெட்டப் போனது ஏதோ சாமி காரியம்னு சின்ன வயசுல நினைச்சேன். கணக்கு போட்டுப் பார்த்தப்ப தான் தெரிஞ்சுது, அது பொங்கலுக்கு நாள் எண்ணுற வேலை.

இந்தப் பருவத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கு. பகல் நீளமா, வெயில் நல்லா அடிக்கிற மாசங்கள்ல இந்தச் செடி கொடியா ஓடும். பகல் குறைஞ்சு ராத்திரி குளுமை வர ஆரம்பிச்சா, தின்னதை எல்லாம் வேர்ல சேர்த்து வைக்கும். புரட்டாசியில நட்டா முதல் ரெண்டு மாசம் மழையில கொடி தழைக்கும், கார்த்திகை மார்கழிக் குளிர்ல கிழங்கு பருக்கும். மார்கழியில அங்கங்க ஊதாப் பூ கூட எட்டிப் பார்க்கும். களைன்னு நினைச்சுக் கிள்ளிடாத, புனல் மாதிரி இருக்கும்.

என் முதல் கூத்து ஆடியில. கல்யாணமான புதுசு. மாமியார் வீட்டுப் பின்னால காலி இடம், குற்றாலச் சாரல் தென்காசி வரைக்கும் அடிக்குது, "ஆடிப்பட்டம் தேடி விதை"ன்னு பழமொழி வேற. நட்டேன். கொடி பிரமாதமா வந்துது. 120 நாள் எப்ப முடிஞ்சுது? கார்த்திகை ஆரம்பத்துல, அடைமழைக்கு நடுவுல. மண்வெட்டியை இறக்கினா சேறு. வெளிய வந்த கிழங்குல பாதி அழுகி, விரல் பட்டதும் தோல் கையோட வந்துடுச்சு. பழமொழி பொய் இல்ல, ஆனா அது எல்லாப் பயிருக்கும் சொன்னது இல்ல. சீனிக்கிழங்குக்கு நடும்போது ஈரம் வேணும், தோண்டும்போது காய்ஞ்ச மண் வேணும்.

உன் மாமியார் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம்னா கணக்கு வேற. களிமண்ணு, ஐப்பசியில தண்ணி நிக்கும். அவங்க மழை ஓய்ஞ்சு தை, மாசியில நட்டு சித்திரை வைகாசியில எடுக்கலாம். பாசனம் இருக்கணும், அதோட கோடையில வண்டுத் தொல்லை ஜாஸ்தி, அதைப் பின்னால சொல்றேன். கோயம்புத்தூர், ஈரோடு மாதிரி அடைமழை பயம் குறைஞ்ச ஊர்ல ஆனி, ஆடியில நடுறதும் உண்டு. ஊட்டி, கொடைக்கானலுக்கு இது ஆகாது. நாலு மாசம் கதகதப்பு இல்லாம இது அசையாது. அங்க உருளை இருக்கவே இருக்கு.

கிழங்கைப் புதைச்சா கிழங்கு வராது

போன வருஷம் நீ என்ன பண்ணின? உருளைக்கிழங்கு மாதிரி, கடையில வாங்கின சீனிக்கிழங்கைத் துண்டு போட்டு நேரா பைக்குள்ள புதைச்ச. உருளை மண்ணுக்குள்ள வளர்ற தண்டு, அதுக்குக் கண்ணு உண்டு. சீனிக்கிழங்கு வேர். குடும்பமே வேற. நெய்வேலிக் காட்டாமணக்கு இருக்கே, கம்மாய் ஓரம் ஊதாப் பூ பூத்து நிக்குமே, அது இதுக்குப் பங்காளி. காட்டாமணக்கு இலையை ஆடு மாடு தின்னா விஷம், சீனிக்கிழங்குக் கொழுந்தை நம்ம பொரியல் பண்ணலாம். ஒரே குடும்பத்துல பொறந்தாலும் ஆளுக்கொரு குணம், நம்ம சித்தப்பா வீட்டுல இல்லையா.

அதனால கிழங்கை வச்சுக் கொடி எடுக்கணும், கொடியை வெட்டி நட்டுத்தான் கிழங்கு எடுக்கணும். ஆடியிலயே துளை இல்லாத, நடுத்தரமான நாலு கிழங்கை ஒரு தொட்டி மணல்ல படுக்க வச்சு, மேல ரெண்டு விரக்கடை மணல் மூடி, ஈரம் காயாம வச்சுக்கோ. சில பேர் குச்சி குத்தி டம்ளர் தண்ணியில நிக்க வைப்பாங்க. ஜன்னலுக்கு அழகா இருக்கும், பிள்ளைங்க வேடிக்கை பார்க்கும், ஆனா அந்தத் துளிர் மெலிசா நோஞ்சானா வரும். மணல்ல வந்தது தான் தெம்பு. ரெண்டு மூணு வாரத்துல முளை விட்டு, 45 நாள்ல வெட்டுற பதத்துக்குக் கொடி ஓடும்.

இப்ப ஆவணி ஆயிடுச்சே, அதுக்கு நேரமில்லையேன்னு பதறாத. கொடி நான் தர்றேன்.

வெட்டுறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. கொடியோட நுனிப் பக்கம் மட்டும் ஒரு சாணுக்கு மேல, கணக்கா 20, 25 சென்டிமீட்டர், அஞ்சாறு கணு இருக்கிற மாதிரி வெட்டணும். கத்தி பட்டதும் வெள்ளையாப் பால் வரும். கையில பட்டா பிசுபிசுன்னு ஒட்டிக் கறுக்கும், தேங்காய் எண்ணெய் தடவினா போயிடும். அடிப்பக்கத் தண்டு தடிமனா இருக்கே, அதை நடலாமேன்னு ஆசை வரும். வேண்டாம். வண்டு முட்டை வைக்கிறது அந்த முத்தின தண்டுல தான். காசு கொடுத்து அதை வாங்கி நட்டா, நோயை நீயே சீமந்தம் பண்ணி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த மாதிரி. ஒரு வருஷம் நான் வெளியில வாங்கின கட்டு அப்படித்தான், பாதிக்குப் பாதி அடித்தண்டு. அந்த வருஷம் எடுத்த கிழங்கு எதையும் வாயில வைக்க முடியல.

வெட்டின கையோட நடவும் செய்யாத. இலையோட கட்டாக் கட்டி, ஈரச் சாக்குல சுத்தி நிழல்ல ரெண்டு நாள் போட்டு வை. இலை கொஞ்சம் வாடும், பயப்படாத. கணுவுல வெள்ளை வெள்ளையா வேர்ப்புள்ளி வந்திருக்கும். அதுக்கு அப்புறம் நடு, சட்டுனு பிடிச்சுக்கும்.

மண்ணுல குத்திச் செங்குத்தா நிக்க வைக்க வேண்டாம். கொடியைப் படுக்க வச்சு, நடுவுல ரெண்டு மூணு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி அமுக்கி, நுனி வெளிய இருக்கணும். உள்ள போன ஒவ்வொரு கணுவும் வேர் விடும், அதுல சிலது தான் கிழங்காகும். தரையில நட்டா ஒரு அடி உயரத்துக்குப் பார் போட்டு, பாருக்குப் பார் 2 அடி, செடிக்குச் செடி ஒரு சாண் விடு. பார் உயரமா இருந்தா ஐப்பசி மழை பள்ளத்துல ஓடிடும், கிழங்கு மேட்டுல உட்கார்ந்துக்கும். இந்த ஒரு வேலையில சோம்பல் பட்டா மிச்சம் எது செஞ்சும் பிரயோஜனம் இல்ல.

மாடிக்கு: குறைஞ்சது ஒரு அடி ஆழம் இருக்கிற பை. 2 அடி நீளப் பையில மூணு கொடி போதும். பை காலியா இருக்கேன்னு ஆறு சொருகினா ஆறும் பென்சில் தான் தரும். செம்மண், மணல், மட்கின எரு மூணும் சமபங்கு. களிமண்ணுல கிழங்கு கோணலும் மாணலுமா முறுக்கிக்கும். பையோட அடி ஓட்டையை இப்பவே குச்சி விட்டுப் பாரு. போன வருஷப் பையில வேர் போய் அடைச்சிருக்கும், மழைத் தண்ணி தேங்கி மூணே நாள்ல வேர் செத்துடும்.

நட்ட அன்னிக்கு ஒரு தண்ணி, மூணாம் நாள் உயிர்த்தண்ணி. அதுக்கு அப்புறம் மழை இல்லாத வாரத்துல ஒரு தடவை. பையில சீக்கிரம் காயும், விரலை விட்டுப் பார்த்து ஊத்து.

செல்லம் கொடுத்துக் கெடுக்காத

இப்ப உன் சுண்டுவிரல் கிழங்குக்கு வர்றேன். என்ன உரம் போட்டன்னு கேட்டப்ப நீ சொன்ன பட்டியல் எனக்கு மனப்பாடம்: வாரத்துக்கு ஒரு தடவை கடலைப் புண்ணாக்குக் கரைசல், நடுவுல மீன் அமிலம், யாரோ சொன்னாங்கன்னு ஒரு கை யூரியா. எனக்கு நடந்த ரெண்டாவது கூத்தும் இதே தான். எங்க வீட்டுல மாடு இருந்த காலம், சாணி மலை மாதிரி கிடக்கேன்னு கூடை கூடையா கொட்டினேன். கொடி வேலி தாண்டிப் பக்கத்து வீட்டு முருங்கை மேல ஏறிடுச்சு. அவங்க ஆட்டுக்கு அந்த வருஷம் விருந்து. எங்களுக்கு வேர்.

தழைச்சத்து கூடினா சீனிக்கிழங்கு இலையை வளர்க்கும், கிழங்கை மறந்துடும். அடியுரமா நல்லா மட்கின எரு, ஒரு சதுர மீட்டருக்கு ரெண்டரைக் கிலோ, அது போதும். அதோட ரெண்டு கை வேப்பம்புண்ணாக்கு. அதுக்கு மேல கிழங்குக்கு வேண்டியது சாம்பல்சத்து. இஸ்திரிக் கடையில கேட்டா கரிச்சாம்பல் தருவாங்க, இல்லன்னா ஊருக்கு வரும்போது நம்ம விறகடுப்புச் சாம்பலை ஒரு பையில கட்டித் தர்றேன். நட்ட 30-ஆம் நாள் செடிக்கு ஒரு பிடி தூவி மண்ணைக் கிளறி அணை.

மண் அணைக்கிறதை 60-ஆம் நாள் இன்னொரு தடவை செய்யணும். கூடவே கொடியைத் தூக்கி விடணும். இதை நிறைய பேர் விட்டுடுறாங்க. படர்ந்த கொடி போற வழியில எல்லாம் கணுவுக்குக் கணு வேர் இறக்கும், அங்கயும் பொடிப்பொடியாக் கிழங்கு வைக்கப் பார்க்கும். தாய்ச்செடிக்குப் போக வேண்டிய சாப்பாடு ஊர் முழுக்கப் பங்காயிடும். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை கொடி நுனியைப் பிடிச்சு மெதுவாத் தூக்கினா, "பட் பட்"னு அந்தச் சின்ன வேர் அறுபடுற சத்தம் கேட்கும். தூக்கினதை அப்படியே செடி மேலயே திருப்பிப் போட்டுடு. உன் மாடியில தளத்து மேல ஓடினது வேர் விடலன்னாலும், பக்கத்துப் பைக்குள்ள எல்லாம் போய் இறங்கியிருக்கும். அந்தப் போட்டோவுல தக்காளிப் பைக்குள்ள போனதை நான் பார்த்தேன்.

நீளமா ஓடுற நுனியைக் கிள்ளி கீரையாச் சமைக்கலாம். நாலு விரல் நீளக் கொழுந்து, பூண்டு, மிளகாய்வத்தல், கடைசியில தேங்காய்த்துருவல். லேசா வழவழன்னு இருக்கும், பிள்ளைங்களுக்குப் பிடிக்கும். ஆனா வாரா வாரம் மொட்டை அடிச்சுட்டுக் கிழங்கு எங்கன்னு கேட்காத. இலை தான் அதுக்கு அடுப்படி.

வண்டு, எலி, மயில்

இந்தப் பயிருக்கு ஒரே ஒரு பெரிய எதிரி, கூன்வண்டு. பார்த்தா எறும்புன்னு விட்டுடுவ. உடம்பு கருநீலம், நடுவுல சிவப்பு, முன்னால தும்பிக்கை மாதிரி நீண்ட மூக்கு. புழு கிழங்குக்குள்ள குடைஞ்சு போகும், கிழங்கு ஒரு கசப்பு வாடை பிடிக்கும். ஒரு ஓரத்துல தானே துளைன்னு அதை மட்டும் வெட்டி எறிஞ்சுட்டு மிச்சத்தை அவிச்சா, முழுசும் கசக்கும். பூஞ்சை பிடிச்ச, சொத்தைக் கிழங்கை மாட்டுக்குப் போடுறதும் தப்பு, நுரையீரல்ல நீர் கோத்து மூச்சுத் திணறும். ஆழக் குழி தோண்டிப் புதைச்சுடு.

வண்டுக்கு மண்ணுக்குள்ள தோண்டிப் போற சக்தி பெருசாக் கிடையாது. வெடிப்பு வழியாத்தான் இறங்கும். கிழங்கு பருக்கப் பருக்கத் தூரைச் சுத்தி மண் விரிசல் விடும். அதைப் பார்த்து நம்ம சந்தோஷப்படுவோம், வண்டும் சந்தோஷப்படும். விரிசல் கண்ட அன்னிக்கே மண்ணைப் போட்டு மூடு. கோடையில மண் காய்ஞ்சு பாளம் பாளமா வெடிக்கும், அதனால தான் மாசியில நட்டதுக்கு வண்டு கூடன்னு சொன்னேன். இனக்கவர்ச்சிப் பொறி கடையில கிடைக்கும், நாலு பைக்கு அது தேவையில்ல. போன வருஷம் சீனிக்கிழங்கு இருந்த மண்ணுல இந்த வருஷமும் அதையே நடாம, கத்தரியோ கீரையோ போட்டா பாதிப் பிரச்னை தீர்ந்துடும்.

எலிக்கு வழி என்கிட்ட இல்ல. நேரத்துக்குத் தோண்டுறது தான் வழி. எங்க பக்கம் மலையடிவாரத் தோட்டங்கள்ல காட்டுப்பன்றி இறங்கினா ஒரே ராத்திரியில உழுதுட்டுப் போயிடும். உனக்கு அந்தக் கவலை இல்ல, குடுத்து வச்சவ. எனக்கு மயில்.

தோண்டுறதுக்கு முன்னால, அப்புறம்

இலை மஞ்சளாகி உதிர ஆரம்பிச்சா பதம் வந்துடுச்சுன்னு அர்த்தம். நிச்சயமாத் தெரியணுமா? ஓரமா ஒரு கிழங்கை எடுத்துக் குறுக்கா வெட்டி அஞ்சு நிமிஷம் வை. வெட்டின இடம் வெள்ளையாக் காய்ஞ்சா முத்தியாச்சு. கரும்பச்சையா மாறினா இன்னும் பத்து நாள் விடு. அதுக்காக ரொம்பவும் விட்டு வைக்காத, நார் ஓடும், வண்டும் வரும்.

ஒரு வாரம் முன்னாலயே தண்ணியை நிறுத்து. மண் கல்லு மாதிரி இறுகிட்டா முதல் நாள் லேசாத் தெளிச்சுக்கோ. கொடியை அறுத்து ஓரமாப் போட்டுட்டு, தூர்லேர்ந்து ஒரு அடி தள்ளி மண்வெட்டியைப் போடு. பையா இருந்தா தார்ப்பாய் மேல அப்படியே கவுத்துடு. சின்னவனைக் கூப்பிட்டுப் பொறுக்கச் சொல்லு, அந்தச் சந்தோஷத்துக்காகவே நடலாம். தோல் ரொம்ப மெலிசு, நகம் பட்டாலே கீறும். கழுவாத, மண்ணைக் கையால தட்டி விட்டா போதும்.

எவ்வளவு வரும்? வீடியோவுல ஒரு பையிலேர்ந்து பத்துக் கிலோ கொட்டுவாங்க, அதைப் பார்த்து ஏமாறாத. ஒரு செடிக்குக் கால் கிலோ வந்தா ஜெயம், அரைக் கிலோ வந்தா எனக்குப் போன் பண்ணு. உங்க நாலு பேருக்குப் பத்துக் கொடி போதும்.

பறிச்ச அன்னிக்கே அவிச்சுப் பார்த்துட்டு "சப்புனு இருக்கு"ன்னு சொல்லாத. அஞ்சாறு நாள் நிழல்ல, காத்துப் படுற இடத்துல சாக்கு மேல பரப்பி வை. கீறல் ஆறித் தோல் இறுகும், மாவு கொஞ்சம் கொஞ்சமா இனிப்பா மாறும். அப்ப பொங்கலுக்கு வேணும்னா மார்கழி 22, 23-லயே தோண்டணும், அதையும் கணக்குல சேர்த்துக்கோ. புரட்டாசி 1-ல நட்டா அதுக்குள்ள 110 நாள் ஆகியிருக்கும், அது போதும். ஃப்ரிட்ஜ் பக்கமே கொண்டு போகாத. குளிர்ல நடுப்பாகம் கட்டை மாதிரி ஆயிடும், எவ்வளவு அவிச்சாலும் வேகாது.

அவிக்கிறதும் நிதானமா இருக்கணும். சூடு மெதுவா ஏறும்போது தான் மாவு சர்க்கரையா மாற நேரம் கிடைக்கும். குக்கர்ல விசில் விட்டதுக்கும் இட்லிக்கொப்பரையில ஆவி காட்டினதுக்கும் ருசி வித்தியாசம் அதனால தான். எல்லாத்துக்கும் மேல கங்குல சுட்டது. ஆச்சி பொங்கப்பானை இறக்கின அடுப்புல, சாம்பலுக்குள்ள ரெண்டு கிழங்கை ஒளிச்சு வச்சு நமக்குத் தருவாளே, தோலை உரிச்சா உள்ள தேன் மாதிரி பிசுபிசுக்குமே.

ரகம் கேட்டிருந்த. சிவப்புத் தோல், வெள்ளைச் சதை தான் நம்ம பக்கத்து நாட்டுக் கிழங்கு. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்துல 1963-லேர்ந்து இருக்கிற மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் நிறைய ரகம் விட்டிருக்கு. ஸ்ரீ கனகா, பூ சோனா ரெண்டுக்கும் ஆரஞ்சுச் சதை, பூ கிருஷ்ணாவுக்கு ஊதாச் சதை. ஆரஞ்சுல வைட்டமின் ஏ-க்கான சத்து நிறைய. ஆப்பிரிக்காவுல ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பினவங்களுக்கு 2016-ல உலக உணவுப் பரிசே கொடுத்தாங்க. சின்னவனுக்காக அதுல ரெண்டு கொடி வை. இனிப்புக்கு நம்ம சிவப்புத் தோல் தான், அதுல நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தோண்டின அன்னிக்கு வெட்டிப் போட்ட கொடியில நல்ல நுனியா நாலு எடுத்து, பாதி நிழல் விழுற மூலையில ஒரு பழைய பக்கெட்டுல நட்டு வை. சித்திரை வெயில்ல தினம் ஒரு சொம்பு தண்ணி ஊத்தி உயிரோட வச்சிருந்தா, அடுத்த புரட்டாசிக்கு என்கிட்ட கையேந்த வேண்டியதில்ல.

இந்த வருஷத்துக்குத் தம்பி வர்ற வெள்ளிக்கிழமை பொதிகை ரயில்ல வர்றான். ஈரச் சாக்குல சுத்தி இருபது கொடி கொடுத்து விடுறேன். ஆரஞ்சுக் கொடிக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கேன். சாக்கைப் பிரிச்சு இலை வாடியிருக்கேன்னு உடனே தண்ணியில முக்காத. நிழல்ல வை, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வெயில் தாழ நடு. அதுக்குள்ள அந்தப் பை ஓட்டைகளைக் குத்தி விட்டுடு.